ஏழைக்கு எந்த லென்ஸ்? கண்புரைச் சிகிச்சையில் விலையும் அறமும்

கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியவர் என்றாலே சோடாபுட்டிக் கண்ணாடிதான் நினைவுக்கு வரும் ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் இருக்கிறது. புரை படிந்த இயற்கை லென்ஸை முழுதாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டால், அது செய்த வேலையை வெளியிலிருந்து ஒரு கண்ணாடி செய்தாக வேண்டும். அதற்குச் சுமார் +10 டயாப்டர் பவர் தேவை. அந்தப் பவரில் பொருள்கள் கால் பங்குக்கும் மேலாகப் பெருத்துத் தெரியும். பார்வையின் ஓரத்தில் வளையமாக ஓர் இருட்டு விழும். எதிரே வரும் ஆளோ மாடோ அந்த வளையத்திலிருந்து திடீரென்று முளைப்பதுபோல் இருக்கும். படியின் உயரம் பிடிபடாது. கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால், புதிது கிடைக்கும்வரை பழைய இருட்டுதான்.

ஒரு கண்ணில் மட்டும் புரை முற்றியவருக்கு இந்த முறையால் பயனில்லை. ஒரு கண்ணில் உருவம் பெரிதாகவும் மறு கண்ணில் இயல்பாகவும் விழுந்தால் மூளையால் இரண்டையும் இணைக்க இயலாது. ஆகவே இரண்டு கண்ணும் போகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘புரை பழுக்கட்டும், அப்புறம் வாருங்கள்’ என்ற பேச்சுக்குப் பழைய அறுவை நுட்பம் ஒரு காரணம் என்றால், இந்தக் கண்ணாடி இன்னொரு காரணம். ‘இன்னும் பழுக்கல’ என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் முதியவர்களை இன்றும் கிராமங்களில் காணலாம். பழைய கொள்கையொன்று பேச்சுவழக்காகத் தங்கிவிட்டது.

1980களில் வசதியான நாடுகளில் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பது வழக்கமாகிவிட்டது. அதே ஆண்டுகளில் இந்திய முகாம்களில் சோடாபுட்டிக் கண்ணாடியே கொடுக்கப்பட்டது. ஒரே நோய்க்கு இரண்டு தரங்கள் இருப்பதை அன்றைய பொது சுகாதாரம் எப்படி நியாயப்படுத்தியது, அந்த நியாயம் எப்படித் தளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். என் வாதம் இது: லென்ஸின் விலையை மழையும் வெயிலும்போல மனிதர் கைக்கு அப்பாற்பட்டதாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் ‘ஏழை நாட்டுக்கு இதுவே பொருத்தம்’ என்ற அறத்தை எழுப்பினார்கள். விலையைக் கேள்விக்கு உட்படுத்தாததுதான் அந்த அறத்தின் பிழை.

ரிட்லியின் லென்ஸ்

இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் விமானிகளின் கண்களில், விமானியறை மூடியின் பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் தங்கியிருந்தன. அவற்றைக் கண்கள் ஒதுக்கவில்லை என்பதைக் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக மருத்துவர்களின் எதிர்ப்பு பல்லாண்டு நீடித்தது. 1981இல்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவ்வகை லென்ஸுக்கு ஒப்புதல் அளித்தது. ரிட்லி தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. மதுரை வரும்போது இந்தச் செய்தியின் எடை புரியும்.

முகாமின் கணக்கு

இந்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தை 1976இல் தொடங்கியது. 1986–89 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகையில் 1.49 விழுக்காட்டினர் பார்வையற்றிருந்தனர். அவர்களில் 100க்கு 80 பேருக்குக் கண்புரையே காரணம். எண்ணிக்கை மலைபோல் நின்றது. பள்ளிக்கூடத்திலும் சத்திரத்திலும் மேசை போட்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோருக்கு அறுவை செய்யும் முகாம்களே வழி என்று தோன்றியதில் வியப்பில்லை.

இறக்குமதி லென்ஸ் ஒன்று அப்போது 100 டாலர் அளவில் விற்றது. ஒருவர் கண்ணில் வைக்கும் லென்ஸின் காசில் பல பேருக்குக் கண்ணாடியோடு அறுவை செய்யலாமே, சிலருக்கு உயர்ந்த பார்வையா, பலருக்குப் போதுமான பார்வையா என்று திட்டமிடுவோர் கேட்டார்கள். இது ஈரமற்றவர்களின் வாதம் என்று நான் கருதவில்லை. கையிலிருக்கும் பணத்தைப் பலருக்கும் பகிர்ந்துவிட வேண்டும் என்ற கவலை அதில் இருந்தது. ஆனால் அந்த 100 டாலர் எதனால் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. லென்ஸில் இருப்பது ஒரு பொட்டளவு பிளாஸ்டிக். மற்றவை கடைசல், மெருகு, கிருமிநீக்கம், தரச்சோதனை, அவற்றுக்கு மேல் பணக்கார நாட்டுச் சந்தை தாங்கும் லாபம்.

எண்ணிக்கைக்கு ஓடியதன் விலையும் சிறிதன்று. 1986இல் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் நடந்த முகாமில் கிருமித்தொற்றால் 84 பேர் அறுவை செய்த கண்ணில் பார்வை இழந்தனர். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. இலவசமாகச் செய்ததால் பொறுப்புக் குறையாது என்பதை நாடு இப்படி 84 பேரின் கண்களைக் கொடுத்துக் கற்க நேர்ந்தது.

மதுரை

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வடமலாபுரத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணின. அந்த விரல்களுக்கு அறுவைக் கத்தியைப் பழக்கி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையை நடத்தினார். ஊர் ஊராக முகாம்களுக்கும் போனார். 1976இல் 58 வயதில் ஓய்வுபெற்றதும், மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் உடன் நின்றார்கள். குடும்பத்தின் வீடும் நகைகளும் அடகுக்குப் போயின.

பணம் கட்டுகிறவர் தரும் தொகையால் கட்டாதவருக்கும் சிகிச்சை என்பது இங்கே ஏற்பாடு. எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. தர்ம ஆஸ்பத்திரி வாசலில் தன் வறுமையை நிரூபித்துக் காட்ட வேண்டிய அவமானத்தை இந்த ஒரு விதி நீக்கியது. மேலாண்மை நூல்கள் இதைப் பெரும்பாலும் ‘வணிக மாதிரி’ என்ற தலைப்பில் பேசுகின்றன. எனக்கு இது முதலில் மரியாதை பற்றிய விதியாகவே தெரிகிறது.

ஆனால் லென்ஸ் இந்த ஏற்பாட்டுக்கும் சிக்கலானது. அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்த லென்ஸ்கள் சில காலம் கைகொடுத்தன. நன்கொடை என்பது கொடுப்பவர் மனத்தையும் அவர் கிடங்கையும் சார்ந்தது. லட்சக்கணக்கான கண்களை அதை நம்பி நடத்த முடியாது. 1992இல் டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரின் உதவியோடு, சேவா அறக்கட்டளை போன்றவற்றின் ஆதரவில், மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் எழுந்தது. தொழில்நுட்பம் விலைக்கு வாங்கப்பட்டது. அடிப்படைக் கருத்துக்குக் காப்புரிமை வேலி இல்லாததால் அது சாத்தியமாயிற்று. லென்ஸின் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் அதற்கும் கீழே போனது. 1990களின் நடுவில், கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ் பெயரிலான அறக்கட்டளை காட்மாண்டுவிலும் எரித்ரியாவின் அஸ்மாராவிலும் இத்தகைய கூடங்களை அமைத்தது. திட்டக் குழுக்கள் மாறாதது என்று எண்ணியிருந்த விலை சில ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காயிற்று.

சோதனையும் சங்கடமும்

விலை இறங்கினாலும் கொள்கை மாறச் சான்று கேட்டார்கள். மதுரையில் 3,400 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குப் பழைய அறுவையும் தடித்த கண்ணாடியும்; மறு பிரிவுக்கு லென்ஸ். 1998இல் வெளியான முடிவுகளில் லென்ஸ் பெற்றவர்களின் பார்வையும் அன்றாட வாழ்க்கைத் தரமும் மேலாக இருந்தன.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அதே சமயம் அது எனக்கு உறுத்தலாகவும் இருக்கிறது. லண்டன் நோயாளிக்கு அப்போது யாரும் கண்ணாடியா லென்ஸா என்று குலுக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளூரில் கிடைக்கும் வழக்கமான சிகிச்சையோடுதான் ஒப்பிட்டார்கள் என்பது ஆய்வறத்தின் விடை. ஆனால் அந்த ‘உள்ளூர் வழக்கம்’ எப்படி உருவானது என்று முன்பே பார்த்தோம். பழைய விலையே வழக்கமாகி, அந்த வழக்கமே சோதனையின் அளவுகோலாயிற்று. இன்னொரு பக்கம், இந்த எண்கள் இல்லாமல் அரசும் உலக அமைப்புகளும் அசைந்திருக்குமா என்பதும் நியாயமான கேள்வி. சோதனையில் கண்ணாடிப் பிரிவுக்குப் போனவர்கள், பின்னால் வந்த கோடிக்கணக்கானோருக்காக ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தவர்கள். அவர்களுக்கு அந்த நன்றியாவது சொல்லப்பட வேண்டும்.

வங்கியின் தராசு

1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் கண்புரைத் தடுப்புத் திட்டம் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடந்தது. முகாமிலேயே கத்தி வைப்பது குறைந்து, நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்து வருவது முறையாயிற்று. திட்டம் தொடங்கியபோது மிகச் சிலருக்கே கிடைத்த லென்ஸ், 2000களின் நடுவில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைத்தது. பெரிய சாதனை இது.

வங்கி கண்புரையைத் தேர்ந்த காரணத்தில் இன்னொரு பாடம் உண்டு. 1993ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை, நோயால் இழக்கும் ஆரோக்கிய ஆண்டுகளை எண்ணும் புதிய அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தது. செலவுக்கேற்ற பலன் தரும் சிகிச்சைகளின் வரிசையில் கண்புரை அறுவை அதில் நன்றாகவே நின்றது. ஆனால் அந்த அளவுகோல் எல்லா வயதையும் ஒன்றாக எண்ணவில்லை. 25 வயதை ஒட்டிய ஓர் ஆண்டுக்கு உச்ச மதிப்பு; குழந்தையின் ஆண்டுக்கும் கிழவியின் ஆண்டுக்கும் குறைந்த மதிப்பு. கண்புரையோ முதுமையின் நோய். எழுபது வயதுப் பாட்டி பேரன் முகத்தைப் பார்க்கும் ஓர் ஆண்டை, இளைஞரின் ஓர் ஆண்டைவிடச் சிறிதாக எண்ணிய தராசில்கூட இந்த அறுவை தேறியது என்றால், அது எவ்வளவு மலிவாகிவிட்டது என்பதற்கே அது சாட்சி. மலிவாக்க முடியாத முதுமை நோய்கள் அந்தத் தராசில் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வயதுக்கேற்ற இந்த எடையை 2010ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கில்தான் நீக்கினார்கள்.

மீண்டும் இரண்டு தரம்

நுண்துளை வழியே இயந்திரத்தால் புரையைக் கரைத்து, மடியும் லென்ஸ் வைக்கும் முறை வந்ததும் பழைய கேள்வி புதிய உடையில் திரும்பியது. பணம் கட்டுபவருக்கு மடியும் லென்ஸ். இலவசப் பிரிவில் பெரும்பாலும் கையால் செய்யும் தையலில்லா அறுவையும் விறைப்பான லென்ஸும். இந்த வேறுபாடு பழையதைப் போன்றதா? நேபாளத்தில் கண் மருத்துவர் சாண்டுக் ரூயித் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஆறு மாதத்துக்குப் பின் இரு பிரிவிலும் 98 விழுக்காட்டினருக்கு நல்ல பார்வை இருந்தது. கையால் செய்வதற்குச் சராசரி 9 நிமிடம்; இயந்திரத்துக்கு 15.5 நிமிடம். சோடாபுட்டிக் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இருந்த பள்ளம் இங்கே இல்லை. ஆகவே இந்த வேறுபாட்டை என்னால் ஏற்க முடிகிறது. பார்வையின் பலன் விலகத் தொடங்கினால் ஏற்க மாட்டேன்.

இந்த மலிவின் பின்னால் இருக்கும் கைகளைப் பற்றிப் போதிய அளவு எழுதப்படவில்லை. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, பார்வைச் சோதனை முதல் அறுவைக்கூட உதவி வரை அவர்களை வைத்தே மதுரையில் வேலை நடக்கிறது. ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவை செய்ய முடிகிறதென்றால் அது அவர்களால்தான். 2004இல் வெளியான, மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாதின் புகழ்பெற்ற நூல் அடித்தட்டு மக்களை வாங்குவோராகக் கண்டு, அரவிந்தை எடுத்துக்காட்டாக வைத்தது. அதே அடித்தட்டிலிருந்து வந்த இந்தப் பெண்களை உழைப்போராகவும் காணும் ஆய்வு, அவர்களின் ஊதியமும் வளர்ச்சியும் பற்றிய ஆய்வு, அந்த நூல் எழுப்பிய உற்சாகத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

அறுவை இலவசமானதும் எல்லோரும் வந்துவிடவில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் குறை இருந்தவர்களில் 100க்கு 7 பேர்கூட முகாமுக்கு வந்திருக்கவில்லை. பஸ் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, வீட்டை யார் பார்ப்பது என்ற கவலை ஆகியவை தடுத்தன. இவற்றால் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பின்தங்கினார்கள். போக்குவரத்தையும் உணவையும் மருத்துவமனை ஏற்றது. 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. துணைக்கு வரும் மகளின் இரண்டு நாள் கூலியை மட்டும் இன்றுவரை அவளேதான் கட்டிக்கொண்டிருக்கிறாள்.