மண்டபமும் முழுகிப்போன ரெண்டு தீவும்

பவளம்னா எங்க சோமனூர்ப் பக்கம் மோதிரத்துல வைக்கிற சிவப்புக் கல்லுதான் ஞாபகத்துக்கு வரும். கடலைப் பார்க்கணும்னா ராத்திரி பஸ் ஏறணும், அதனால தப்பில்லைங்க :-)

ஆனா ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அதைச் சுத்தி நூத்துக்கும் மேற்பட்ட வகைப் பவளங்கள். கடற்குதிரை, ஆமை, கடல்புல் மேயுற கடல்பசுன்னு ஒரு தனி உலகமே அங்கே இருக்கு.

பவளப்பாறைன்னாலே ஆஸ்திரேலியாவைத்தான் சொல்லுவோம். ஆனா, பவளப்பாறைகளுக்கான முதல் சர்வதேச ஆய்வு மாநாடு நடந்தது நம்ம மண்டபத்தில், 1969-ல்! ஆஸ்திரேலியாவில் நடந்தது ரெண்டாவது, 1973-ல்.

வேதனை என்னன்னா, உலக விஞ்ஞானிகள் இங்கே கூடிப் பேசின அதே காலத்துல, அதே கடல்ல, பவளத்தைக் கடப்பாரையால பேர்த்து வள்ளத்துல ஏத்திக்கிட்டு இருந்தாங்க. வீடு கட்ட, சுண்ணாம்பு சுட, கால்சியம் கார்பைடு செய்ய. வெட்டினவங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு அது அன்னாடக் கூலி. வாங்கினவங்க கரையில இருந்தாங்க.

பேருதான் பாறை. கட்டுறது என்னவோ குட்டிக் குட்டி உயிர்கள். சில வகைகள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அலையோட வேகத்தைத் தடுக்கிறதும் அதுதான். அது போச்சுன்னா தீவோட மணலை அலை அரிச்சுடும். அப்படித்தான் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி... ரெண்டு தீவுகள் தண்ணிக்குள்ள போயிடுச்சு. கடல்மட்டம் உயர்ந்ததும் ஒரு காரணம்னு சொல்றாங்க. ஆனா வேலியைப் பிடுங்கினது நாமதானே?

1986-ல் தேசியப் பூங்கா ஆச்சு. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோட வரிசையில, பவளத்தையும் சேர்த்தாங்க. அப்பவும் வெட்டு நிக்கலை. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் நின்னுச்சு.

அதோட கஷ்டம் தீர்ந்துதான்னா இல்லை. கடல் சூடேறி 2010-லயும் 2016-லயும் நிறையப் பவளம் வெளுத்துச் செத்துச்சு. கரைஞ்சுக்கிட்டு இருந்த வான் தீவைக் காப்பாத்த 2015-ல் இருந்து கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கினாங்க. இலவசமா நின்ன சுவரை இடிச்சிட்டு, காசு போட்டுச் சுவர் வைக்கிறோம்.

மாநாடு நடந்ததுக்கும் வெட்டு நின்னதுக்கும் நடுவில 36 வருஷம். தெரியாம பண்ணிட்டோம்னு மட்டும் சொல்ல முடியாதுங்க.