பெயரும் எண்ணும்: யுனிக்ஸ் குழு ஏட்டின் வரலாறு



ஒரே கணினியைப் பலர் பங்கிட்டு உபயோகிக்குமிடத்து, எவருடைய கோப்பை எவர் திறக்கலாம் என்னும் வினா எழுவது இயல்பே. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடக்கிய யுனிக்ஸ் முறைமை அவ்வினாவுக்குக் கண்ட விடைகளுள் ஒன்றே ‘குழு’ என்பது.

உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூவகையினருக்கும் வெவ்வேறு உரிமைகள் வகுக்கப்பட்டன. ஆயினும் கோப்புடன் பதியப்படுவது குழுவின் பெயரன்று. ஓர் எண் மாத்திரமே. எண் இயந்திரத்துக்குப் போதும். மனிதருக்கோ பெயர் வேண்டும். இவ்விரண்டையும் இணைத்தது ஒரு சாதாரண எழுத்தேடு. குழுவின் பெயர், கடவுச்சொல், எண், உறுப்பினர் பட்டியல் ஆகிய நான்கும், குழுவுக்கு ஒரு வரியாக, அதில் எழுதப்பட்டன.

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு, அவ்வேட்டைப் பெயர்கொண்டும் எண்கொண்டும் தேடுதற்குரிய செயற்கூறுகளை நிரலாளர்க்கு அளித்தது. அக்காலத்தில் ஒருவர் ஒரு வேளையில் ஒரு குழுவிலேயே இருக்கலாம். மற்றொன்றுக்குச் செல்லத் தனிக் கட்டளை வேண்டும். 1983இல் கலிபோர்ணியாவின் பேர்க்கிளிப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பதிப்பு அத்தளையை நீக்கி, ஒரே வேளையில் பல குழுக்களில் இருக்க வழிசெய்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒருவருடைய முதன்மைக் குழுவின் எண் பயனர் ஏட்டிலேயே உள்ளது. குழு ஏட்டின் பட்டியலில் அவர் பெயர் இல்லாதிருக்கலாம்; எனினும் அவர் குழுவினரே. ஆதலின் ஓர் ஏட்டை மாத்திரம் நோக்கி, “இவருக்கு உரிமையில்லை” என்று துணிவோர், திறந்த கதவைப் பூட்டியதென நம்புவோராவர். இரண்டையும் நோக்குதலே முறை.