ஆரத்திச் சிவப்பு பிறந்த கதை

ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் முகூர்த்த நாளன்று, பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தாயிற்று என்று குரல் கேட்ட பிறகுதான் உள்ளே ஆரத்தி கரைப்பார்கள். தாம்பாளத்தில் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்பொடி, விரல்நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பு. விரல் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ரத்தச் சிவப்பு. சுற்றி முடித்ததும் வாசலில் கொட்டிவிடுவார்கள். அதை எடுத்து வைத்தால் நிற்காது என்பது கரைத்துப் பழகிய கைக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. 1815-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அமைப்பு பிடிபட 1910 ஆயிற்று. இரண்டு முனையிலும் வளையங்கள், நடுவே ஏழு கார்பன் கொண்ட சங்கிலி. வெறும் தண்ணீரில் கரையாமல் அடியில் படியும். சுண்ணாம்பு தெளிந்த நீரின் பிஎச் 12-ஐத் தாண்டும். அந்தக் காரம் குர்குமினிடமிருந்து புரோட்டான்களைப் பறிக்கிறது. மூலக்கூறு விழுங்கும் ஒளி ஊதா நீலத்திலிருந்து பச்சைப் பக்கம் நகர்கிறது. நம் கண்ணுக்குச் சிவப்பு மிஞ்சுகிறது. புரோட்டான் கைமாறுவது வேதியியலின் மிக வேகமான வினைகளில் ஒன்று. அதனால்தான் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பிறந்த நொடியிலேயே இன்னொரு வினையும் தொடங்கிவிடுகிறது. அது மெதுவானது, திரும்பாதது. காரத்தில் நடுச்சங்கிலி உடைந்து வானிலின், ஃபெருலிக் அமிலம் போன்றவை உண்டாகின்றன. நார்வேயின் டோனசனும் கார்ல்சனும் பிஎச் மாற மாற இந்தச் சிதைவின் வேகம் எப்படி மாறுகிறது என்பதை அளந்து 1985-இல் வெளியிட்டார்கள். காரம் கடுமையாக இருக்கவும் வேண்டாம்: பிஎச் 7.2-இல், 37 டிகிரியில், அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதம் காணாமல் போவதை 1997-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த மிதமான நிலையில் சங்கிலி உடைவதைவிடக் காற்றின் ஆக்சிஜன் புகுந்து மூலக்கூறை மாற்றுவதே பெரும்பங்கு என்று பிற்கால ஆய்வுகள் திருத்தின.

இரண்டு வினைகளையும் பிரித்தறிய ஒரு எலுமிச்சம்பழம் போதும். கரைத்த கையோடு பிழிந்தால் பறிபோன புரோட்டான்கள் திரும்பி, மஞ்சள் மீளும். வடிகட்டிய சிவப்பை மறுநாள்வரை வைத்துப் பிழிந்தால், உடைந்த அளவுக்கு மஞ்சள் குறைந்தே வரும்.

தாயார் சந்நிதிக் குங்குமம் மட்டும் மாதக்கணக்கில் நிற்கிறதே என்று கேட்கலாம். பழைய முறைக் குங்குமத்தில் மஞ்சளோடு வெண்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு சேர்த்து உலர்த்துவார்கள். வெண்காரத்தின் போரான் குர்குமினோடு பிணைந்து தரும் சிவப்பு அது. உலர்ந்த பொடியில் சிதைவு நடக்கத் தண்ணீரும் இல்லை.