முகாமில் இருந்த சிறுவன் வடிவமைத்த நகர மண்டபம்

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் வளர்ந்தவர்களுக்கு, டவுன் சென்டர் கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடம் தெரியும். அதுதான் ஸ்காபரோ சிவிக் சென்டர். அதைத் தாண்டித்தான் கடைக்கும் படத்துக்கும் போவோம். அதை வடிவமைத்தவரின் கதை எங்களில் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் ரேமண்ட் மொரியாமா. 1929இல் வன்கூவரில் பிறந்த ஜப்பானியக் கனடியர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரி நாடானதும், 1942இல் கனடா அரசு மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 22,000 பேரை வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலானோர் கனடியப் பிரஜைகள். அவர்களுடைய வீடு, கடை, மீன்பிடிப் படகு எல்லாவற்றையும் அரசே எடுத்து விற்றது. மொரியாமாவின் தந்தையை ஒன்ராறியோவில் ஒரு சிறைமுகாமுக்கு அனுப்பினார்கள். தாயும் பிள்ளைகளும் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குள் இருந்த ஸ்லோகன் முகாமுக்குப் போனார்கள்.

அப்போது அவருக்கு 12 வயது. சின்ன வயதில் சுடுபட்ட தழும்புகள் உடம்பில் இருந்தன. பொதுக் குளியலிடத்தில் அதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். அதனால் யாருக்கும் தெரியாமல் ஆற்றில் குளிக்கப் போனார். அங்கே ஒரு மரத்தின் மேல், கிடைத்த பலகைகளை வைத்துச் சின்ன வீடு ஒன்று கட்டினார். அதுதான் அவருடைய முதல் கட்டடம்.

போர் முடிந்த பிறகும் 1949 வரை அவர்கள் கரையோரத்துக்குத் திரும்ப அனுமதியில்லை. மொரியாமா ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் கட்டடக்கலை படித்தார். ஸ்காபரோ அப்போது தனக்கென மேயரும் சபையும் கொண்ட, வேகமாக வளர்ந்த புறநகர். அதன் புதிய நகர மண்டபத்தை அவர் வடிவமைத்தார். 1973இல் எலிசபெத் மகாராணி அதைத் திறந்து வைத்தார்.

உள்ளே போனால் நடுவில் கூரைவரை திறந்த பெரிய கூடம். அதைச் சுற்றி அலுவலகத் தளங்கள் பல்கனிகள்போல அடுக்கடுக்காக நிற்கின்றன. வரி கட்ட வந்தவர் அண்ணாந்து பார்த்தால் மேலே வேலை செய்பவர்களைக் காணலாம். அவர்களும் இவரைக் காணலாம். மூடிய கதவுகளுக்குப் பின்னால் எடுத்த முடிவால் வீட்டை இழந்த ஒருவர், அரசாங்கத்துக்கு இப்படி ஒரு கட்டடத்தைக் கொடுத்தது தற்செயல் இல்லை என்று நான் நினைக்கிறேன். கனடா அரசு ஜப்பானியக் கனடியர்களிடம் மன்னிப்புக் கேட்டது 1988இல்தான். அதற்கு 15 வருடங்களுக்கு முன்பே அவர் இதைக் கட்டி முடித்துவிட்டார்.

1998இல் ஸ்காபரோ ரொறன்ரோவோடு இணைக்கப்பட்டது. மேயர் பதவி போனாலும் கட்டடம் தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கிறது. மொரியாமா 2023இல் காலமானார்.

எங்கள் அப்பா அம்மாவின் தலைமுறைக்கு அரசாங்கக் கட்டடம் என்றாலே ஒரு பயம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. அடுத்தமுறை அந்தப் பக்கம் போனால் அவர்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். கூடத்தின் நடுவில் நின்று ஒருதடவை மேலே பாருங்கள்.