பாட்டு யாருடைய சொத்து?

'சுயாதீன சினிமா' பற்றிப் பேசுகிற நாம், எதிலிருந்து சுயாதீனம் என்ற கேள்வியைச் சௌகரியமாகத் தவிர்த்துவிடுகிறோம். அமெரிக்கக் கறுப்பின இயக்குநர் சார்லஸ் பர்னெட்டின் வரலாறு அதைத் தவிர்க்கவிடாது என்பதே என் வாசிப்பு.

1944இல் மிசிசிப்பியில் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். மாணவராக இருந்தபோது, வாரக்கடைசிகளில், பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில், அக்கம்பக்கத்தவரையும் நடிக்கவைத்து எடுத்த படம் 'கில்லர் ஆஃப் ஷீப்'. ஆடறுக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் ஸ்டானின் சோர்வுதான் படம். கதையென்று பெரிசாக ஒன்றுமில்லை. 1977இல் பட்டத்துக்கான ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். 1981இல் பெர்லினில் விமர்சகர் பரிசு. 1990இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம். முறைப்படி தியேட்டருக்கு வந்ததோ 2007இல்தான்!

தடுத்தது தணிக்கை இல்லை, பாட்டு. டைனா வாஷிங்டன், பால் ராப்சன் போன்றோரின் பாடல்களுக்கு உரிமை வாங்கக் காசில்லை. கடைசியில் அதற்கு ஆன தொகை ஏறத்தாழ 1,50,000 டாலர். கேமராவை இரவல் வாங்கிவிடலாம். ஆனா தன் சனங்களின் தொண்டையிலிருந்து வந்த பாட்டு கம்பெனிக் கணக்கில் அல்லவா கிடக்கிறது? பொக்கிஷம் என்று பதிந்துவைத்த அதே தேசத்தின் சொத்துச் சட்டம்தான் படத்தைப் பூட்டியும் வைத்தது. ஒடுக்கப்பட்டோர் தம் வாழ்வைத் தாமே படமாக்கும் உரிமையைக் கோருகிற நாம், அவர்கள் குரல் எவன் பெட்டியில் இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.