கரோக்கே: யப்பானிய மாணவர் இரவுகளின் வரலாறு

வன்னியின் வேளாண்மை பாட்டோடு வளர்ந்ததொன்று. வவுனியாவுக்கு வடக்கே, கண்டி வீதியிலிருந்து நெடுங்கேணி வீதி பிரியுமிடத்திலுள்ள புளியங்குளம் போன்று, குளத்தை நம்பி வாழ்ந்த ஊர்களில் அரிவி வெட்டுக்கு ஒரு பாட்டும், சூடு மிதிக்கும் இரவுக்குப் பொலிப்பாட்டும் வழங்கின. ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவர். குரல் இனிதா என்று எவரும் வினவுவதில்லை. கை ஓயாதிருந்தாற் போதும். உழவு இயந்திரம் சூடடிக்க வந்தபோது எருமைகளோடு பொலிப்பாட்டும் களத்தைவிட்டு அகன்றது. பின்னர் வந்த அறுவடை இயந்திரம் அரிவி வெட்டுப் பாட்டுக்கும் இடமில்லாமற் செய்தது.

இயந்திரம் வந்தாற் பாட்டு ஒழியும் என்பதே இதனால் நாம் பெற்ற பட்டறிவு. இதற்கு மாறானதொரு வரலாறு யப்பானிலே நிகழ்ந்தது. அங்கு கல்வி கற்கச் செல்லும் நம் மாணவர் இன்று இரவுப்பொழுதிற் கண்டு மகிழும் கரோக்கே அவ்வரலாற்றின் விளைவாகும்.

போருக்குப் பிந்திய யப்பானில், 1950களில், ரோக்கியோவின் சிஞ்சுக்கு முதலிய பகுதிகளிற் பாட்டுத் தேநீர்ச்சாலைகள் பல தோன்றின. மாணவரும் இளந் தொழிலாளரும் அங்குக் கூடி, பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கோடியனோ பியானோவோ ஒலிக்க ஒருமித்துப் பாடினர். ருசிய நாட்டுப் பாடல்களும் தொழிலாளர் பாடல்களும் அவற்றுள் மிகுதி. மதுச்சாலைகளிலோ, பாட விரும்பும் வாடிக்கையாளருக்குக் கூலிக்கு வாத்தியம் இசைக்கும் கலைஞர் இருந்தனர்.

அத்தகையோருள் ஒருவரே கோபே நகரின் இனூவே தைசுக்கே. உருக்குத் தொழிலகமொன்றை நடத்திய வாடிக்கையாளர் வெந்நீர் ஊற்று ஊரொன்றுக்குப் பயணம் போகையில் அவரையும் உடன்வருமாறு அழைத்தார். செல்ல இயலாத இனூவே, தமது வாசிப்பை ஒலிநாடாவிற் பதிந்து கொடுத்தனுப்பினார். வாத்தியக்காரர் வராமலே பாட்டு நடந்தது! 1971இல் மோட்டார் வண்டிகளிற் பயன்பட்ட ஒலிநாடாக் கருவியோடு ஒலிவாங்கியையும் நாணயப் பெட்டியையும் இணைத்துப் பதினொரு இயந்திரங்களைச் செய்வித்து மதுச்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டார். 100 யென் நாணயமொன்றை இட்டால் இசை எழும். பயிலாத குரலுக்கு எட்டும் சுருதியில் இசையைப் பதிந்தமையே அவரது நுட்பம் என்பது என் கருத்து. அவர் காப்புரிமை பெறவில்லை.

ரோக்கியோவில் நெகிசி சிகெயிச்சி 1967இலேயே இத்தகைய கருவியை ஆக்கியிருந்தார். 'கர' வெறுமையைக் குறிக்கும். 'ஓக்கே' வாத்தியக் குழுவைக் குறிக்கும் ஒர்க்கெஸ்ரா என்பதன் குறுக்கம். எனினும், வெறுமையாக விடப்பட்டது பாடகரின் இடமே.

மதுச்சாலையில் நிலைத்திருந்த இப்பழக்கம் மாணவரிடையே பரவியதற்கு 1985ஆம் ஆண்டு முக்கியமானது. ஒக்கயாமாவிற் பழைய சரக்குப் பெட்டகமொன்று பாடும் அறையாக மாற்றப்பட்டது. மது அருந்தாதோரும் முன்பின் அறியாதோர் முன்னிலையிற் பாட நாணுவோரும் இவ்வாறான அறையை வாடகைக்கு எடுத்து நண்பரோடு பாடலாயினர். 1992இலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே பாடல்கள் வந்தன. ஒலித்தட்டுக்களை அடுக்கிவைக்கும் தேவை குறைந்தது.

அயல்நாட்டு மாணவருக்கு இவ்வறை மற்றுமோர் உதவியும் செய்கிறது. திரையில் ஓடும் வரிகளில் சீன எழுத்துக்களின் மேல் அவற்றின் ஒலிப்பு சிறிய எழுத்தில் தரப்படுவதுண்டு; பாடுவோன் தாளத்தின் வேகத்திலே வாசிக்கப் பழகுகிறான். கல்வி நாட்களில் வாரம் 28 மணித்தியாலமே கூலிவேலைக்கு அனுமதியுள்ள மாணவன், வேலை முடிந்து கடைசிப் புகையிரதத்தைத் தவறவிட்டால், நண்பர் நால்வரோடு பணம் சேர்த்து ஓர் அறையெடுத்து, விடியற்காலை ஐந்து மணியளவில் முதற் புகையிரதம் வரும்வரை பாடுவது அங்கு வழக்கமானதே.

நம் நாட்டிலும் இதற்கு உறவான ஒன்று இருந்தது. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' சாதாரண மக்களை ஒலிவாங்கிக்கு முன் நிறுத்தியது. குறித்த எழுத்தில் தொடங்கும் பாடல் நினைவுக்கு வராதவர் அங்குத் தோற்றார். கரோக்கேயில் தோற்பவர் இல்லை. திரையே சொற்களைத் தருகிறது. இவ்வகையில் அது நம் அரிவிவெட்டு வயலுக்கே நெருங்கியது. ஆயினும் வயலிற் பாடியவர் நினைத்தவிடத்து அடியை மாற்றுவார், அருகில் நிற்பவரின் பெயரைச் சேர்த்துக் கேலி செய்வார். திரையின் சொற்களுக்கு அந்நெகிழ்ச்சி இல்லை. பொலிப்பாட்டுக்கு அவ்வியந்திரத்தில் எண்ணும் இல்லை. வன்னியிலிருந்து சென்ற மாணவன் அதைப் பாட விரும்பின், இயந்திரத்தைச் சற்று நிறுத்திவிட்டு, நண்பர் கைதட்டப் பாடவேண்டும்.