பெயரேட்டின் கதை

நம் ஊரில் ஒருவருக்குப் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஒரு பெயர்; வீட்டார் அழைப்பது ஒரு பெயர்; தெருவார் சூட்டிய பட்டப்பெயர் வேறு. எந்தப் பெயரை எழுதிப் போட்டாலும் கடிதம் அவர் கைக்கே போய்ச் சேர்கிறது. தபால்காரரின் மனத்தில் ஒரு பெயரேடு இருக்கிறது அல்லவா? கம்ப்யூட்டர்களின் உலகத்திலும் அப்படி ஓர் ஏடு உண்டு. அதன் சரித்திரத்தில் கதைக்கு வேண்டிய சுவையும் இருக்கிறது.

1969-ல் அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்னும் வலை பிறந்தது. அதில் சேர்ந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண். இயந்திரத்துக்கு எண் போதும், மனிதனுக்குப் போதாது. ஆகவே ஒவ்வொரு நிலையத்தாரும் தங்களுக்கென்று ஒரு பெயர்ப்பட்டியல் வைத்துக்கொண்டார்கள். பட்டியலுக்குப் பட்டியல் வித்தியாசம், குழப்பத்துக்குக் கேட்பானேன்! 1974 முதல், மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையாரின் அலுவலகம் எல்லோருக்கும் பொதுவான ஏடு ஒன்றைப் பராமரித்தது. எண்ணுக்கு எதிரே முறையான பெயர், பக்கத்திலேயே செல்லப்பெயர்கள். எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையை, 1972-லேயே தாமாக முன்வந்து ஏற்றவர் ஜான் போஸ்டல் என்ற தாடிக்கார இளைஞர்.

வலை வளர்ந்தது, ஏடும் பருத்தது. அதை ஒவ்வொரு நிலையமும் முழுவதுமாகப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மாற்று வழி காணும் பொறுப்பைப் போஸ்டல், பால் மொக்கபெட்ரிஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். 1983-ல் அவர் சொன்ன யோசனை மிக எளிது: முழு ஏட்டையும் யாருமே வைத்திருக்க வேண்டாம்! முன்னாளில் கலெக்டரைக் கேட்டால் தாசில்தாரைக் காட்டுவார். தாசில்தார் கிராமத்துக் கர்ணத்தைக் காட்டுவார். நிலம் யாருடையது என்று கர்ணம் சொல்லுவார். அதே ஏற்பாடுதான். உச்சியில் இருப்பவருக்கு அடுத்தபடி யாரைக் கேட்பது என்று தெரிந்தால் போதும். செல்லப்பெயருக்கும் இதில் வழி உண்டு. 'இந்தப் பெயரைத் தேடுகிறவர் அந்தப் பெயரைப் பார்க்க' என்று ஒரு வரி எழுதி வைத்துவிடலாம். கம்ப்யூட்டர் வீடு மாறி எண் மாறினாலும், முறையான பெயருக்கு எதிரே ஓரிடத்தில் திருத்தினால் போதும்; செல்லப்பெயர்கள் எல்லாம் தாமே புது வீட்டைக் காட்டும்.

அப்புறம் வியாபாரம் நுழைந்தது. பெயருக்குப் பணம், பணத்துக்கு வழக்கு என்று வளர்ந்து, உச்சியிலுள்ள ஏடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. அந்த ஏட்டின் மூலப்பிரதி, அரசாங்க ஒப்பந்தத்தின் பேரில் வர்ஜீனியாவில் ஒரு கம்பெனியிடம் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று, உச்சி ஏட்டின் பிரதிகளைக் காத்து வந்தவர்களுக்குப் போஸ்டல் ஒரு கடிதம் எழுதினார்: "இனி அங்கிருந்து வேண்டாம், எங்கள் இயந்திரத்திலிருந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது அதன் சாரம். எட்டுப் பேர் மறுபேச்சின்றி அப்படியே செய்தார்கள். அவரிடம் படை இல்லை, சட்டம் இல்லை. கால் நூற்றாண்டாக நேர்மையாகக் கணக்கு எழுதியவர் என்ற நம்பிக்கை ஒன்றுதான் இருந்தது. வாஷிங்டன் கோபித்துக்கொண்டது. அது வெறும் பரிசோதனை என்று சொல்லி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவர் பழையபடி மாற்றிவிட்டார்.

அந்த ஆண்டே பொறுப்பை ஏற்க ஐகான் என்ற பொது ஸ்தாபனம் அமைந்தது. அக்டோபர் 16 அன்று போஸ்டல் காலமானார், வயது 55. 2016-ல் அமெரிக்க அரசின் மேற்பார்வையும் நீங்கியது.

இன்று '.இந்தியா' என்றும் '.இலங்கை' என்றும் தமிழ் எழுத்திலேயே முகவரி எழுதலாம். அதைத் தட்டும்போது நாம் கர்ணத்தை நினைப்பதில்லை. கணக்கு ஒழுங்காக இருக்கும்வரை அவரை யார்தான் நினைக்கிறார்கள்?